திரையின் வடிவமும் சொல்லின் வடிவமும்: சித்தூர், திருப்பதி மாவட்ட இணையச் சேவைகள்

திரையின் அழகு பற்றிய ஆய்வுகள் பலவும் 1995இல் ஜப்பானியரான மசாகி குரோசு, கவோரி காஷிமுரா ஆகியோர் நடத்திய ஆய்வையே அடியொற்றுகின்றன. தானியங்கிப் பணப்பொறியின் 26 திரையமைப்புகளை 252 பேரிடம் காட்டி, அழகாகத் தோன்றுவதே கையாள எளிதாகவும் தோன்றுகிறது என அவர்கள் கண்டனர். 1997இல் நோம் டிராக்டின்ஸ்கி இஸ்ரேலில் மீண்டும் சோதித்தபோது அத்தொடர்பு இன்னும் வலுவாக வெளிப்பட்டது. அரசின் இணையச் சேவைகளைக் குடிமக்கள் எவ்வாறு காண்கின்றனர் என ஆராய்வோரும் இம்முடிவை அளவுகோலாகக் கொள்வதுண்டு. ஆனால் இவை திரையின் எழுத்தை வாசிக்க வல்லோரிடையே நிகழ்ந்த ஆய்வுகள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நகரி, குப்பம், சத்தியவேடு ஆகிய எல்லைப் பகுதிகளுக்கு அவ்வளவுகோல் பொருந்தாது.

‘மீ சேவா’ திட்டம் 2011 நவம்பரில், திருப்பதியும் உள்ளடங்கியிருந்த அன்றைய சித்தூர் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. அதன் மையங்களில் திரை பணியாளரை நோக்கியிருக்கும். விண்ணப்பிப்பவர் காண்பது திரையின் முதுகு. திரையின் வண்ணம் பற்றி அவரிடம் கருத்துக் கேட்பது வீண். அடங்கல் என்னும் நில ஆவணம் இதற்கு நல்ல சான்று. அச்சொல் இரு மாநில வருவாய்த்துறைக்கும் பொது. தெலுங்கு எழுத்தறியாத தமிழ்க் குடியானவர் பணியாளர் சொல்லக் கேட்டால் உடனே உணர்வார். தெலுங்கு வரிவடிவில் கண்டால் உணரார். சொல் அவர் மொழியினதாகவே இருக்க, எழுத்து தடையாகிறது.

2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு வாட்ஸ்அப் வழியே ‘மன மித்ரா’ சேவையைத் தொடங்கியதும் திரை விண்ணப்பிப்பவரின் கைக்கே வந்துவிட்டது. பெயரின் இலக்கணமும் மாறியது. ‘மீ’ முன்னிலைப் பன்மை. ‘மன’ உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, தமிழின் ‘நம்’ போன்றது. (இந்த ‘நம்’முள் தமிழெழுத்து மட்டும் அறிந்தவரும் அடங்குவரா என்பது கேட்கத்தக்கதே.) அவ்வுரையாடல் திரையின் நிறமும் கட்டமைப்பும் நிறுவனத்தின் பொறுப்பு, அரசு வடிவமைக்கக்கூடியது பெரும்பாலும் சொல் மட்டுமே. ஆகவே இங்கு மொழிபெயர்ப்பே காட்சி வடிவமைப்பு ஆகிவிடுகிறது.

அச்சொல்லுக்கும் எல்லையுண்டு. பட்டியலின் ஒரு வரித்தலைப்பு 24 குறிகளைத் தாண்டலாகாது. இச்சேவைகளைத் தமிழில் தர முனைவோர் ‘குடும்ப உறுப்பினர் சான்றிதழ்’ என எழுதினால், கண்ணுக்கு அது 15 எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும் கணினிக் குறியீட்டிலோ, இடைவெளி உட்பட 28. ‘சான்றிதழ்’ என்பதைச் ‘சான்று’ எனக் குறுக்கினாலும் ஒரு குறி மிஞ்சும். ‘உறுப்பினர்’ என்பதை நீக்கினால் பொருள் சிதையும். ‘குடும்ப உறுப்பினர்’ என்றே நிறுத்தலாம், 18 குறிகளில் அடங்கும். ஆனால் அதற்கு மேலுள்ள வரி ‘சான்றிதழ்கள்’ என முன்னரே அறிவித்திருக்க வேண்டும். சொற்பட்டியலை மட்டும் பெற்று, திரையைக் காணாமலே தமிழாக்குபவருக்கு அது தெரிய வழியில்லை.