மணமகள் விளையாட்டும் பொலிஸாரும்

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' 1994 இல் வெளிவந்தது. அதைத் தன்பாலினக் காதலைச் சொல்லும் நாவல் என்ற ஒற்றை வரியோடு ஒதுக்கிவிடுவது நமது இலக்கிய வட்டத்தின் வழக்கம். வாசிக்காமலே ஒதுக்கியோர்தான் அதிகம் என்பது என் எண்ணம். வாசித்தவர்களுக்குத் தெரியும், அது கல்யாணத்தைப் பற்றிய நாவல். யார் யாரை மணக்கலாம், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு?

சிறுவன் ஆர்ஜி பாட்டி வீட்டில் சேலை உடுத்து மணமகளாக விளையாடுகிறான். மாமி ஒருத்தி அவனைப் பெரியவர்கள் முன்னால் இழுத்துவந்து நிறுத்த, விளையாட்டு அன்றோடு முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் ராதா, அனில் என்ற சிங்கள இளைஞனை விரும்புகிறாள். தமிழ்ப் பெண் சிங்களவனை மணப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. தடுப்பவை இரு குடும்பங்களும், யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் புகையிரதத்தில் அவளைத் தாக்கும் கும்பலுமே. நாவலின் உச்சம் இந்த அத்தியாயம்தான். ஆர்ஜி - ஷெஹான் காதலை எழுதுகையில் ஆசிரியருக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை. இறுதிப் பகுதி 83 ஜூலை. வாக்காளர் பட்டியலோடு வந்த கும்பலைப் பற்றி வெள்ளவத்தை வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

குடும்பம் கண்டிப்பதற்கும் அரசு தண்டிப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இந்நாவல் காட்டுகிறது. நமது விவாதங்களில் அந்தத் தூரம் காணாமற் போகிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் ஷரீஆவிலிருந்து வந்தவையல்ல. 1883 ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத் தண்டனைச் சட்டக்கோவையின் வாரிசுகள். 1995 இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் இழுத்துக்கொண்டார்கள். பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 இல் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. அதில் திருமணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் நாளை நிக்காஹ்விலும் கைவைப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது.

அந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2020 இல் நம் ஜனாஸாக்களை எரித்த அரசு இது. எந்தக் கதீபையும் அவர் மார்க்கம் ஏற்காத திருமணத்தை நடத்திவைக்குமாறு சட்டம் வற்புறுத்தலாகாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த எல்லைக்கோடு ஒரு பக்கம் மட்டும் கீறப்படுவதல்ல. மார்க்கத்துக்குள் அரசு வரக்கூடாதென்போர், படுக்கையறைக்குள் பொலிஸை அனுப்பச் சொல்வது எப்படி? பாவம் என்று நம்புவதற்கு 365அ தேவையில்லை.

சக்திக சத்குமாரவின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 'அர்த' என்ற அவரது சிங்களச் சிறுகதை பௌத்த துறவியரிடையே தன்பாலின உறவைக் கோடிகாட்டியது. 2019 ஏப்ரலில் கைதானார்; நான்கு மாதங்களுக்கு மேல் சிறை. அவர்மீது பாய்ந்தது 2007 ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் சட்டம். பாகுபாட்டையும் வன்முறையையும் தூண்டும் வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த பிரிவு! சிறுபான்மையைக் காக்க வேண்டிய சட்டம் கதாசிரியனைப் பிடித்தது. 2019 மே மாதம் அதே சட்டத்தில், உடையில் தர்மச்சக்கரம் இருந்ததாகச் சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணையும் கைதுசெய்தார்கள். அவ்வுடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். சத்குமார 2021 பெப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்.

இடையில், 2020 மே மாதம், அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். சான்று 'நவரசம்' கவிதைத் தொகுதி. ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. உருவகத்தை வாக்குமூலமாக வாசிக்கும் அதே பொலிஸ் வாசிப்பு. 'நவரசம்' தொகுதிக்காகக் குரல் கொடுத்த நம்மில் எத்தனை பேர், அதற்கு ஒரு வருடம் முன் 'அர்த' கதைக்காக வாய் திறந்தோம்?