‘சிவப்பழகு’ முதல் ‘குளோ’ வரை: முகப்பூச்சுப் பெயர்களில் பொருள்மயக்கம்

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சு, 2020 ஜூலையில் ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து நிறவெறிக்கு எதிராக எழுந்த குரல்களின் பின்னணியில் நிகழ்ந்தது இம்மாற்றம். மாறியது ஒரு சொல். அச்சொல் தாங்கியிருந்த பொருளும் மாறியதா என்பதே ஆய்வுக்குரியது.

தமிழ் விளம்பரங்களில் ‘ஃபேர்’ நின்ற இடத்தில் வழங்கிய சொல் ‘சிவப்பழகு’. வெளிர்நிறத்தைச் ‘சிவப்பு’ என்பது தமிழ்ப் பேச்சுவழக்கு. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘அண்ட்’ நிறத்தையும் அழகையும் இரண்டாகவேனும் நிறுத்துகிறது. ‘சிவப்பழகு’ தொகைச்சொல்லாதலின் அவ்விடைவெளி மறைந்துபோகிறது. ‘சிவப்பாகிய அழகு’ என இருபெயரொட்டாக விரித்தால் சிவப்பே அழகு. ‘சிவப்பால் உண்டாகும் அழகு’ என விரித்தால் சிவப்பு அழகின் காரணம். ‘சிவப்பும் அழகும்’ என உம்மைத்தொகையாகக் கொள்ளவும் இலக்கணம் இடந்தரும். கேட்போர் அவ்வாறு கொள்வது அரிது. இவ்வகையில் தமிழாக்கம் மூலத்தினும் கடுமையானது. சங்கப் பாடல்களில் மாந்தளிர் அன்ன மாமை தலைவியின் அழகு. பிரிவால் மேனியில் படரும் பசலை அவ்வழகின் கேடு. அம்மரபுடைய மொழியிலேயே இத்தொகை வேரூன்றியது வியப்புக்குரியது.

‘குளோ’ வேறு வகையான சிக்கல். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழிகள் விற்பவர் விருப்பம். ஆங்கிலம் அறியாத தமிழருக்கு ‘குளோ’ வெறும் ஒலி. அறிந்தவருக்கும் அது தெளிவான பொருள் தருவதில்லை. பழைய உறையில் 2019 வரை இரு முகங்களும் நிற அளவுகோலும் அச்சிடப்பட்டிருந்தன. இழிவான அளவுகோல்தான், ஆயினும் களிம்பு சொன்னதைச் செய்ததா என வாங்கியவர் அதனைக் கொண்டு சோதிக்க முடிந்தது. பொலிவுக்கு அளவுகோல் இல்லை. நியாசினமைடோ முன்போலவே உட்கூறாக நீடிக்கிறது. மெலனின் துகள்கள் தோலின் மேலணுக்களுக்குச் செல்வதைக் குறைப்பது அதன் பணிகளுள் ஒன்று. வேலை பழையது, பெயர் புதியது.

பொய்யான, தவறாக வழிநடத்தும் உரிமைகோரல்களை 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் தடைசெய்கின்றன. பொய்யெனக் காட்டவியலாத சொல்லிடம் இத்தடை வலுவிழக்கிறது. ‘தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது’ என்னும் தொடரும் இத்தகையதே: பரிசோதனை நிகழ்ந்தது என்கிறது, எதற்காக, எத்தனை பேரிடம், என்ன முடிவுடன் என்பனவற்றைச் சொல்வதில்லை.

பெயர்மயக்கம் நீதிமன்றத்தை எட்டியதும் உண்டு. இமாமி நிறுவனம் 2005இல் ஆண்களுக்கென ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ களிம்பை வெளியிட்டிருந்தது. 2020இல் இந்துஸ்தான் யூனிலீவர் தன் ஆண்கள் வரிசைக்குக் ‘குளோ அண்ட் ஹேண்ட்சம்’ எனப் பெயரிட, வழக்கு மூண்டது. 2024 ஏப்ரலில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அப்பெயரைப் பயன்படுத்த யூனிலீவருக்குத் தடைவிதித்தது. வாங்குவோர் ஒரு நிறுவனத்தின் பொருளை மற்றதனுடையதாகக் கருதிவிடக்கூடும் என்பதே அங்கு ஆராயப்பட்ட மயக்கம். ‘குளோ’ முகத்தில் என்ன செய்யும் என்ற வினா அவ்வழக்கில் எழவில்லை.