இது யார் வீட்டு அடுப்படி?

நாவல் எழுத நினைக்கும் பெண்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் 'உந்துதல்' என்ற சொல் தவறாமல் வருகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திரு, தினமும் ஒரு பக்கம் எழுது, உந்துதல் தானே வரும் என்கிறார்கள். எழுதாமல் இருப்பதற்கான குறை முழுக்க எழுதுகிறவளின் மனத்தில்தான் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லும் இந்தச் சொல்லை நான் சந்தேகிக்கிறேன். நான்கு மணிக்கு எழுந்திருக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் எழுவது வேறு வேலைக்கு.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அறை வரும்வரை காத்திராதவர்களும் இருந்தார்கள். வை.மு. கோதைநாயகி தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அதன் பிறகு கோதைநாயகி எழுதிய நாவல்கள் 100க்கும் மேல். (அவற்றில் பலவற்றை இன்று பொறுமையாகப் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.) ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்தத் தகவல் பிடிக்கும்.

நேரம் ஒரு தடைதான். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஒரு கவிதை வந்துவிடும். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் நான்கு வரி தேறும். நாவல் அப்படி வராது. நேற்று எந்த அறையில் யார் அழுதாள் என்பதை இன்றும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் விடுமுறை கிடைத்தும், அறை கிடைத்தும் முதல் பக்கத்தில் நின்றுவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களை எது நிறுத்துகிறது?

சல்மாவை எடுத்துக்கொள்வோம். பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, ஒளித்து வைத்து, புனைபெயரில் கவிதைகளை வெளியே அனுப்பியவர். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு 2000இல் வந்தது. 2001இல் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டில் உள்ளாட்சித் தேர்தலில் வென்று தலைவரானார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளியானது. இந்த வரிசையை விடாமுயற்சிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு இது இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதாகப் படுகிறது. மறைந்திருந்து கவிதை எழுத முடிந்தது. நாவலோ வெளியே வந்து நின்றவளின் பெயரில் வந்தது.

கவிதையில் மாட்டிக்கொள்வது 'நான்' ஒருத்திதான். அதுவும் லேசானதல்ல. பெண் கவிஞர்கள்மீது ஆபாசப் பழி சுமத்தப்பட்ட நாட்கள் நமக்கு மறக்கவில்லை. நாவலிலோ மாமியார் வருவாள், சித்தி வருவாள், வாழாமல் திரும்பி வந்த எதிர்வீட்டுக்காரி வருவாள். இது யார் வீட்டு அடுப்படி என்று ஊர் கேட்கும். நாவல் எழுத ஆசைப்பட்ட மாணவி ஒருத்தியிடம், இதை யார் படித்துவிடக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதிவரச் சொன்னேன். பதினோரு பெயர்களோடு வந்தாள். அப்பா ஐந்தாவது இடத்தில்தான் இருந்தார். முதல் பெயர், அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அத்தை.

அந்த அத்தைகளை சல்மா எப்படி எழுதினார் என்பதில்தான் என் ஆர்வம். அவர் நாவலுக்குள் ராபியா என்ற சிறுமி நடமாடுகிறாள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்கிறாள், பாதி புரிந்துகொள்கிறாள், தீர்ப்புச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அவளோடு நிற்காமல் கதை ரஹீமா, ஜொஹ்ரா, வஹிதா என்று ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு நகர்கிறது. மையக் கதை எங்கே என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பெண்கள் கூடிப் பேசும் பேச்சுக்கு என்ன கட்டுக்கோப்போ அதுதான் இந்த நாவலுக்கும். சில இடங்களில் தொய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதைச்சுருக்கம் கையில் இல்லாததால் தொடங்காமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஃபிர்தவ்ஸின் முடிவு வேறு தரம். மணவாழ்வை மறுத்து, பிறகு வேறொருவனை விரும்பிய அந்தப் பெண்ணுக்குப் பெற்ற தாயே விஷம் தருகிறாள். அந்தத் தாயை அரக்கியாக்கியிருந்தால் எழுதியவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஊருக்குப் பயந்தவளாக, மகளைச் சுமந்தவளாக, இரண்டுமாக அவளை எழுத வேண்டியிருக்கிறது. என் கவிதை எதிலும் ஒரு தாய்க்கு நான் இவ்வளவு இடம் கொடுத்ததில்லை. பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் நாவலுக்குள் வருவதற்கு இந்த அளவு இடம் தேவைப்படுகிறது.