கலப்பு எட்டாத தெருக்கள்

பாரிஸில் பள்ளிக் கலப்பு என்று பேச்செடுத்தால் எல்லோரும் கைகாட்டுவது ஒரே ஜோடியைத்தான்: 18ஆம் வட்டாரத்தின் பெர்லியோஸ், குவாஸ்வோ கொலேஜ்கள் (நடுநிலைப் பள்ளிகள்). இடையில் சில நூறு மீட்டர்தான். ஆனாலும் ஒன்றில் ஏழை வீட்டுப் பிள்ளைகள், மற்றதில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று பிரிந்து கிடந்த பள்ளிகள். 2015இல் கல்வி அமைச்சராக இருந்து இத்தகைய சோதனைகளைத் தொடங்கிவைத்த நஜாத் வலோ-பெல்கசெம், சமூகவியலாளர் பிரான்சுவா துபேயோடு சேர்ந்து 2024இல் பள்ளிப் பிரிவினையைப் பற்றி நூலே எழுதிவிட்டார். வழி தெரிந்துவிட்டது, துணிந்து பரப்புவதுதான் பாக்கி என்கிறார்கள் ஆதரவாளர்கள். அதே 18ஆம் வட்டாரத்தின் லாச்சப்பலில் நின்று பார்ப்பவருக்கு அந்த நம்பிக்கை வராது.

ஏற்பாடு எளிமையானது. பக்கத்துப் பக்கத்துக் கொலேஜ்கள் இரண்டையும் ஒரே சேர்க்கை எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். பெர்லியோஸ், குவாஸ்வோவில் ஓராண்டு கொலேஜின் தொடக்க வகுப்பில் சேரும் அத்தனை பேரும் ஒரு பள்ளிக்கு, மறு ஆண்டு வருவோர் அத்தனை பேரும் மற்றப் பள்ளிக்கு. 19ஆம் வட்டாரத்தின் பெர்க்சோன், பைய்ரோன் ஜோடியில் பெற்றோர் விருப்பத்தை எழுதிக் கொடுப்பார்கள். குடும்ப வருமானத்தையும் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். 2017 செப்டம்பரில் இப்படித் தொடங்கியவை மொத்தம் மூன்று ஜோடிகள்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. பொருளியலாளர்கள் ஜூலியான் கிரனேயும் யூசெப் சுய்தியும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மூன்றில் இரண்டு இடங்களில் கலப்பு தெளிவாகவே கூடியது, தனியார் பள்ளிக்கு ஓடுவது குறைந்தது. நாடெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைப் பற்றி 2023இல் வந்த ஆய்வு, வசதியான பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை என்றது. எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பயம் பொய்யாகிப்போனது. அது பெரிய காரியம்தான்.

அதே ஆய்வில் ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் சொல்லும்படி ஏறவில்லை. அதைப் பேசுவோர் குறைவு. ஆதரவாளர்கள் வெற்றி என்று எண்ணுவது எதை என்று பார்த்தால் காரணம் விளங்கும்: வசதியான குடும்பம் பள்ளியை விட்டுப் போகாமல் இருந்ததா? இந்த ஒரே கேள்விக்கு அஞ்சி அஞ்சி வரையப்பட்ட திட்டம் இது. வசதியுள்ளவர் எதுவரை பொறுத்துக்கொள்வாரோ அதுவரைதான் அதன் எல்லை. அதற்கு அப்பால் இருக்கும் குழந்தை கணக்கிலேயே இல்லை.

லாச்சப்பல் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது. கார் து நோர், கார் து லெஸ்த் நிலையங்கள் இரண்டின் ரயில் பாதைகளுக்கும் இடையில் நெருக்குண்ட பகுதி இது. 18ஆம் வட்டாரத்தில் தேர்ந்தெடுத்த இரண்டு ஜோடிகளும் கார் து நோர் பாதைக்கு மேற்கே. கிழக்கே இருக்கும் டானியல் மையேர், மார்க்ஸ் டோர்முவா, எமே செசேர் கொலேஜ்கள் எதுவும் 2017 பட்டியலில் இல்லை. வசதியான பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் ஜோடி சேரும் என்பது விதியானால், ஏழ்மை அடர்ந்த இடத்துக்கு ஜோடி எங்கிருந்து கிடைக்கும்? கலப்பு மிகவும் தேவைப்படும் தெருக்களை அந்த விதியே கழித்துக்கட்டிவிடுகிறது.

தமிழர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. லாச்சப்பல் தமிழரின் கடைத்தெரு, வீடு வேறெங்கோ. சனிக்கிழமை ஃபோபூர் சான் தெனி வீதியில் முருங்கைக்காயும் நகையும் புடவையும் வாங்க வரும் குடும்பங்களில் பல லா கூர்னேவிலிருந்தோ பொண்டியிலிருந்தோ வருபவை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்து, வாடகைக்கு ஏற்ற இடம் தேடி பாரிஸை ஒட்டிய 93ஆம் மாவட்டத்துக்குள் தள்ளப்பட்டவர்களின் வாரிசுகள். பெரிஃபெரிக் சுற்றுச்சாலையைத் தாண்டினால் மாவட்டம் மாறுகிறது. கொலேஜின் சேர்க்கை எல்லையை வரைவது மாவட்டம் என்பதால் பாரிஸின் எந்தக் கலப்புத் திட்டமும் அந்தச் சாலையோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தில், ஆசிரியர் வராத வகுப்புக்கு மாற்று ஆசிரியர் கேட்டு, 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆசிரியர்களே வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெற்றோருக்கு வந்த பிரெஞ்சுக் கடிதத்தைப் பன்னிரண்டு வயதில் படித்துச் சொல்லும் பிள்ளை, வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை, அங்கேதான் இருக்கிறது. உணவகச் சமையலறையில் இரண்டு வேலை பார்த்தாவது பிள்ளையைக் கத்தோலிக்கத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோரை யார் குறை சொல்ல முடியும்? நாட்டின் கல்வி அமைச்சராக இருந்த அமெலி உதேயா-கஸ்தெராவே 2024 ஜனவரியில், அரசுப் பள்ளியில் ஆசிரியர் வராத மணி நேரங்கள் நிரப்பப்படாததால் மூத்த மகனை ஸ்தனிஸ்லாஸ் தனியார் பள்ளிக்கு மாற்றியதாகச் சொன்னார். அடுத்த மாதமே அவர் அந்தத் துறையில் இல்லை.

அமெரிக்க வடக்கு நகரங்கள் இதே எல்லைச் சுவரில் மோதியிருக்கின்றன. 1974 ஜூன் 21இல் நீதிபதி ஆர்தர் கேரிட்டி தந்த தீர்ப்பின் பேரில், பாஸ்டனில் கறுப்பினத்தவர் வாழும் ராக்ஸ்பரியையும் ஐரிஷ் தொழிலாளர்கள் வாழும் சவுத் பாஸ்டனையும் இணைத்துப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றினார்கள். செப்டம்பரில் அந்தப் பேருந்துகள் மீது கல் விழுந்தது. ஏழையையும் ஏழையையும் கலக்கவிட்டு, வசதியானவர் வாழும் புறநகரைத் தொடாமல் விட்டார்கள். கேரிட்டியின் வீடும் வெல்ஸ்லி என்ற புறநகரில்தான். டெட்ராய்ட் நகரோடு 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்க்கும் திட்டத்தை அதே ஆண்டு ஜூலை 25இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று நிராகரித்தது. நகர எல்லையே அதன்பின் சட்டம் காக்கும் சுவரானது. நீதிபதி தர்குட் மார்ஷல் தமது மாற்றுத் தீர்ப்பில் எச்சரித்தபடியே மாநகரம் இரண்டாகப் பிளந்தது. டெட்ராய்ட்டுக்கு நகர எல்லை எதுவோ, பாரிஸுக்கு அது பெரிஃபெரிக்.

பிரான்சில் இன்னொரு சுவரும் உண்டு. பாரிஸில் கொலேஜ் படிப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தனியார் பள்ளியில். 1959ஆம் ஆண்டின் தெப்ரே சட்டப்படி அங்குள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. யாரைச் சேர்ப்பது என்பதை மட்டும் பள்ளியே முடிவு செய்யும். 1984 ஜூனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாரிஸில் திரண்டு, தனியார் பள்ளிகளை அரசுக் கல்விக்குள் கொண்டுவர முனைந்த சவரி மசோதாவை வீழ்த்திய நாளிலிருந்து எந்த அரசும் அந்தச் சேர்க்கை உரிமையில் கைவைக்கத் துணியவில்லை. 2023 மே மாதம் அன்றைய கல்வி அமைச்சர் பாப் என்டியாய் கத்தோலிக்கக் கல்வி அமைப்போடு கையெழுத்திட்ட உடன்பாட்டில் கட்டாய ஒதுக்கீடு எதுவும் இல்லை. ஜூலையில் அவரும் பதவியில் இல்லை. இந்த இரண்டு சுவர்களையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இரண்டு பள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துவைப்பதைப் பிரிவினைக்கு மருந்து என்று சொல்வது ஏமாற்று.

துலூஸ் கொஞ்சம் துணிந்தது என்பார்கள். மிராய் பகுதியின் இரண்டு கொலேஜ்களை மூடி, பிள்ளைகளை நகரின் வசதியான பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பியது. பெர்லியோஸ் மாதிரியைவிட நேர்மையானதுதான். இருந்தும் விடியற்காலையில் எழுந்து பயணம் போகும் சுமை ஏழைப் பிள்ளைக்கு மட்டுமே.

தூரம் தடை, மாவட்ட நிர்வாகம் தடை என்று சொல்வதை இனி ஏற்பதற்கில்லை. 2016 முதல் பாரிஸ், கிரெத்தே, வெர்சாய் ஆகிய மூன்று கல்வி வட்டாரங்களும் ஒரே மண்டல அமைப்பின் கீழ் இருக்கின்றன. 12ஆம் எண் மெட்ரோ 2022 மே மாதம் ஒபர்வில்லியே நகர மன்றம் வரை நீட்டப்பட்டது. அதில் ஏறினால் போர்த் து லா சப்பல், மார்க்ஸ் டோர்முவா வழியாக நோத்ருதாம் தே ஷான் நிலையத்தில், ஸ்தனிஸ்லாஸ் பள்ளிக்குப் பக்கத்தில், ரயில் மாறாமல் இறங்கலாம். அரசு சம்பளம் தரும் பள்ளி அரசு சொல்லும் விகிதத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அந்த விகிதத்தில் சுற்றுச்சாலைக்கு அப்பால் இருக்கும் பிள்ளையையும் எண்ணட்டும். பெர்லியோஸின் வெற்றியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.