புள்ளி போட்ட யானை

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 1968 வாக்கில் எட்வர்ட் சைதி திங்கதிங்கா படம் வரையத் தொடங்கினார். முறையாகப் பயின்றவர் அல்லர். கித்தானுக்குப் பதில் சதுர மேசனைட் அட்டை. வண்ணத்துக்கு சைக்கிளுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட். ஒரே நிறப் பின்னணி, நடுவில் ஒரு சிறுத்தையோ பறவையோ, உடம்பெங்கும் புள்ளிகள். 1972-இல் அவர் இறந்துபோனார். பாணி நிலைத்துவிட்டது.

அந்தப் பாணியை நைரோபியில் கணினிக்குக் கொண்டுவந்து உருவாக்கிய குழந்தைகள் தொடர்தான் 2010-இல் வெளியான ‘திங்கா திங்கா டேல்ஸ்’. யானைக்குத் தும்பிக்கை எப்படி வந்தது, நீர்யானைக்கு ஏன் முடி இல்லை, பாம்புக்கு ஏன் கால் இல்லை என ஆப்பிரிக்க விலங்குக் கதைகளைச் சொல்கிறது.

என்னைக் கட்டிப்போடுவது அந்த விலங்குகளின் உடம்பு. நிழல் விழாத தட்டையான உருவம். நடக்கும்போது காகிதப் பொம்மைபோல் மூட்டுகள் மட்டும் அசைகின்றன. கணினியால் இன்னும் எவ்வளவோ செய்திருக்க முடியும். செய்யாமல் விட்டதில்தான் அழகு. தோல் சுருக்கமும் மயிர்க்காலும் தத்ரூபமாகத் தெரிகிற யானைக்குத் தும்பிக்கை இல்லையென்றால் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். புள்ளி போட்ட யானைக்கு இல்லையென்றால் குழந்தை சட்டென்று நம்பிவிடும்; “அப்புறம்?” என்று கேட்கும். விலங்குகள் பேசுகிற உலகத்துக்கு இந்தக் கோடுதான் பொருத்தம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிஜிட்டலில் நாட்டார் கதை வரைய உட்காருகிறவர்களே, மென்பொருளைத் திறக்குமுன் அந்தக் கதை வழங்கும் ஊரில் சுவரிலும் பலகையிலும் என்ன வரைகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.