குறுக்குவழியில் ஒரு மீட்பு

பிசாசுக்குத் தன் ஆன்மாவை விற்ற ஃபாஸ்டஸின் கதை சீர்திருத்தத் திருச்சபையின் முற்றத்திலேயே வளர்ந்த கதை. 1587இல் பிராங்க்பர்ட் நகரில் யோகான் ஸ்பீஸ் என்பவர் அச்சிட்டு வெளியிட்ட ஜெர்மன் நூல், லூத்தர் போதித்த விட்டன்பர்க் நகரில் இறையியல் கற்றுப் பட்டமும் பெற்றவனாகவே அவனை அறிமுகப்படுத்துகிறது. ஆகவே, இறையியல் பயில்வோர் இதனைப் பிறருடைய கதையெனத் தள்ளிவிட இயலாது.

மார்லோவின் நாடகத்தில் அவன் அறிவையும் ஆற்றலையும் வேட்டு அழிகின்றான். கதேயின் நாடகத்தில் ஓயாத முயற்சியினிமித்தம் இறுதியில் காக்கப்படுகின்றான். 1939 ஜூன் மாதம் கான்டர்பரி பேராலய விழாவில் அரங்கேறிய ‘தி டெவில் டு பே’ என்னும் நாடகத்தில் டாரதி சேயர்ஸ் அம்மையார் இவ்விரு வழிகளையும் விடுத்து வேறொன்றைத் தேர்ந்தார். அவருடைய ஃபாஸ்டஸ் பேராசைக்காரன் அல்லன், இரக்கமுள்ளவன். உலகின் துன்பத்தைக் காணப் பொறாமல், அதனை இன்றே, தன் கையாலேயே துடைத்துவிட விழைகின்றான். அதற்காகவே மந்திரத்தை நாடுகின்றான்.

நாடகத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. தீயவன் பிசாசின் வலையில் விழுவதில் வியப்பில்லை. இரக்கமே வலையாகுமெனில் நாம் திடுக்கிடுகின்றோம். ரோமாபுரிக் காட்சியில் ஃபாஸ்டஸின் அற்புதங்கள் மக்களைத் திருத்தவில்லை. மனம் கசந்த அவனுக்குப் போப்பு ஓர் உண்மையை உணர்த்துகின்றார்: உலகை ஒரே நொடியில் செம்மைப்படுத்தும் வல்லமை கடவுளுக்கு இருந்தும், அவர் அதனை ஒதுக்கிவைத்துச் சிலுவையின் வழியைத் தெரிந்துகொண்டார். வனாந்தரத்தில் கல்லை அப்பமாக்க மறுத்தவரை இங்கே நினையாதிருக்க முடியாது.

ஃபாஸ்டஸ் அவ்வழியை ஏற்கவில்லை. நன்மை தீமை அறியாத ஆதிநிலையே தனக்கு வேண்டுமெனக் கேட்டு, 24 ஆண்டுத் தவணைக்கு ஆன்மாவை எழுதிக் கொடுக்கின்றான். தவணை முடிந்ததும் மெஃபிஸ்டாஃபிலிஸ் தன் பையைத் திறந்து பார்க்கையில் அதில் ஒரு கறுப்பு நாயே இருக்கின்றது. நன்மை தீமை அறியாத ஆன்மா விலங்காகிவிட்டது! வழக்கு விண்ணக நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. அறியாமையிலேயே நிலைத்துக் கடவுளின் முகத்தை என்றும் காணாதிருப்பதா, அறிவை மீண்டும் ஏற்று நரகத்தின் வேதனைக்குட்படுவதா என்னும் கேள்வி அவன்முன் வைக்கப்படுகின்றது. அவன் வேதனையைத் தெரிந்துகொள்கின்றான். நரகவாயிலிலும் அவனைச் சந்திப்பதாக நீதிபதி வாக்களிக்கின்றார்.

குறைகளும் இல்லாமலில்லை. நன்மை தீமை அறியாதவனுக்குள் போராட்டம் இராது. போராட்டமில்லா நெஞ்சில் நாடகமும் இராது. ஆதலால் பேரரசனின் அவைக்களக் காட்சி தளர்ந்து நடக்கின்றது. இறையியல் நோக்கில் எழும் வினா இதனினும் பெரிது. வேதனையால் ஆன்மா தூய்மையடையும் என்பது உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பின்வாசல் வழியே கொண்டுவருவதாகாதா? கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்பதைக் கற்றவர்கள் இங்கே தயங்குவது நியாயமே.

எனினும், இறுதிச் சொல் ஃபாஸ்டஸின் தெரிவு அன்று, நீதிபதியின் வாக்குறுதியே என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்த் திருமறை ‘உடன்படிக்கை’ என்னும் சொல்லால் கடவுளின் வாக்குறவைக் குறிக்கின்றது. பிசாசோடு செய்யும் பத்திரத்துக்கும் நாம் அச்சொல்லையே வழங்குகின்றோம். பழங்கதையில் பிசாசு மனிதனின் இரத்தத்தால் கையொப்பம் பெறுகின்றான். புதிய உடன்படிக்கையிலோ கடவுள் தம் குமாரனின் இரத்தத்தைச் சிந்தத் தருகின்றார். முதலாவதில் தவணை உண்டு. இரண்டாவதில் அது இல்லை. நரகவாயில்வரை வரும் நீதிபதி இவ்வேறுபாட்டையே அரங்கில் காட்டுகின்றார்.

நாடகம் அரங்கேறி மூன்று மாதங்களுக்குள் ஐரோப்பாவில் போர் மூண்டது. நாட்டைத் தன் ஒருவன் வலிமையால் திருத்துவேன் என்றெழுந்தவர்களைப் பலர் நம்பியிருந்த காலம் அது. ஆயினும் சேயர்ஸின் எச்சரிக்கை சர்வாதிகாரிகளுக்கு மட்டுமன்று. ஏழைகளின் கண்ணீரைக் கண்டு பொறுமையிழக்கும் நல்ல ஊழியனுக்கும் அது உரியது. பொறுமையிழப்பது பாவமன்று; அப்பொறுமையின்மையை வைத்துப் பேரம் பேசுவதே பாவம். துன்புறுவோரைத் தொடாத இறையியலும், சிலுவையைச் சுற்றிக்கொண்டு போகும் இரக்கமும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அருட்பணிக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்கத்தக்க நாடகம் இது.