பழைய லேபிளும் புது கிராபிக்ஸ் கார்டும்

சிவகாசி அச்சு உலகில் ஒரு டிசைன் லேசில் ஓய்வு பெறாது. நூறு வருசத்துக்கு முன்பு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வந்தது. அன்றிலிருந்து இங்கே இதே கதைதான். பட்டாசுப் பெட்டியில் ஒரு மயில் ஓடிவிட்டால் அந்த மயிலையே பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், வருசா வருசம் கேட்பார். "கழுத்து நீலம் இம்மிகூட மாறக் கூடாது தம்பி" என்பார் அண்ணாச்சி. அவர் கேட்பது நியாயம்தான். கடையில் வாங்குபவர் கம்பெனிப் பெயரைப் படிக்காமல் மயிலைப் பார்த்துத்தான் பெட்டியை எடுக்கிறார்.

டிசைன் மாறாமல் நின்றாலும் அதைச் செய்த சாஃப்ட்வேர் அப்படி நிற்பதில்லை. பெட்டியை 3டி-யில் சுழற்றிக் காட்டி, பிளேட் போடுவதற்கு முன்பே பார்ட்டியிடம் சம்மதம் வாங்குவது என் வேலை. பழைய பெட்டிகளெல்லாம் பிளெண்டர் 2.79-ல், அதன் 'இன்டர்னல்' ரெண்டரரில் செய்தவை. 2019-ல் வந்த 2.80-ல் அந்த ரெண்டரரையே எடுத்துவிட்டார்கள். புதுப் பதிப்பில் கோப்பு திறக்கும், ஆனால் ஃபாயில் மினுமினுப்பும் வெளிச்சமும் அதில் இருக்காது. கூடவே ஜிம்ப் 2.8, இங்க்ஸ்கேப் 0.92, அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் என்று எல்லாமே ஒன்றையொன்று நம்பி நிற்பவை. பிளெண்டர், ஜிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் அந்தப் பதிப்புகளிலேயே உபுண்டு 18.04-ன் சொந்தக் களஞ்சியத்தில் கிடைத்தவை. அதனால் அந்த உபுண்டுவையே முழுசாக ஒரு லினக்ஸ் கண்டெய்னருக்குள் குடியேற்றிவிட்டேன். அதுவும் புத்தம் புது என்விடியா கார்டின் முழு பலத்தோடு! திரையில் மயில் பெட்டி முதன்முதலாக வழுக்கிக்கொண்டு சுழன்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

இது விர்ச்சுவல் மெஷின் இல்லை. அதில் கார்டின் முழு வேகம் வேண்டுமென்றால் பொதுவாகக் கார்டையே அதற்குத் தாரை வார்க்க வேண்டும், வெளியே இருக்கும் கணினிக்குக் கார்டு இல்லாமல் போகும். கண்டெய்னர் நம்ம ஊர் வளவு மாதிரி. வீடு தனி, அடுப்பு தனி, முற்றத்துக் கிணறு ஒன்றே. எல்லாக் கண்டெய்னருக்கும் கர்னல் ஒன்றுதான். கார்டை இயக்கும் டிரைவரும் அங்கேயே இருக்கிறது. நடுவில் போலிக் கார்டு எதுவும் கிடையாது. அதனால் ஒரே கார்டில் 2.79 ஒரு பக்கம், ஓபன்ஜிஎல் 4.3 கேட்கும் பிளெண்டர் 4 இன்னொரு பக்கம் என்று ஒரே நேரத்தில் ஓட்டுகிறேன்.

கண்டெய்னர்களை நிர்வகிக்க நான் பயன்படுத்துவது இன்கஸ். 2023-ல் எல்எக்ஸ்டி-யிலிருந்து பிரிந்து வந்தது. 'ஜிபியு' என்ற வகையில் ஒரு டிவைஸைச் சேர்க்க ஒரே வரிக் கட்டளை போதும். என்விடியா டிரைவரில் கர்னல் பகுதியும் நூலகப் பகுதியும் ஒரே பதிப்பு எண்ணில் இருந்தாக வேண்டும். அதற்கு 'என்விடியா.ரன்டைம்' அமைப்பை இயக்கினால் வெளியே இருக்கும் நூலகங்களையே உள்ளே காட்டிவிடுகிறது. பழைய உபுண்டு புதுக் கார்டை அடையாளம் காண்பது இந்த அழகான ஏற்பாட்டால்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இயல்பாக இது கணக்குப் போடும் வசதியைத் திறக்கும், படம் தீட்டும் வசதியைத் திறக்காது. அனுமதிப் பட்டியலில் 'கிராபிக்ஸ்', 'டிஸ்ப்ளே' இரண்டையும் நாமே சேர்க்க வேண்டும்.

இன்டெல், ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பாதை வேறு. அங்கே 'ரெண்டர்டி128' என்ற கோப்புதான் வாசல். முன்பு திரையை ஆள்வதற்கும் படம் தீட்டுவதற்கும் ஒரே வாசல். 2014-ல் வந்த லினக்ஸ் 3.17 முதல் தீட்டுவதற்கென்று தனி வாசல் இயல்பாகவே திறந்திருக்கிறது. திரையின் ஆட்சியைக் கொடுக்காமல் கார்டின் உழைப்பை மட்டும் உள்ளே அனுப்பலாம். இதை யோசித்தவர்களுக்குக் கோடி நமஸ்காரம். கண்டெய்னருக்குள் இருக்கும் மேசா நூலகம் அந்தக் கார்டை அறிந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் சிபியுவிடம் வேலையைத் தள்ளிவிடும். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' ஓட்டி, ரெண்டரர் வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் கார்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. கார்டின் நினைவகத்துக்கு இங்கே பாகப்பிரிவினை கிடையாது. ஒரு பக்கம் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் பெரிய ரெண்டர் ஓடினால் மறுபக்கம் தடுமாறும். டிரைவர் தொங்கினால் எல்லாமே தொங்கும். முன்பின் தெரியாத சாஃப்ட்வேரை அடைத்துவைக்க இதைக் கோட்டைச் சுவராக நம்பக் கூடாது. நமக்குத் தேவை அது இல்லையே! பழைய வேலை பழைய மாதிரியே வெளிவர வேண்டும், அவ்வளவுதான். அதில் இது தங்கம்.

ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு கண்டெய்னர், வேலை முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட். எக்ஸ்போர்ட் செய்தால் முழுக் கண்டெய்னரும் ஒரே கோப்பாகிவிடும். விருதுநகரில் இருக்கும் நண்பர் அதைத் தன் கணினியில் இறக்கி, அங்குள்ள என்விடியா கார்டிலேயே ஓட்டுகிறார். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் அச்சகங்களில், அதற்கு முந்தைய வாரங்களின் நெருக்கடி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். புதுக் கணினி வாங்கிய அன்றே பழைய ஆல்பத்தைத் திறந்து ரீபிரிண்டுக்குத் தயாராகலாம்.

அடுத்து டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டர். அதன் லினக்ஸ் பதிப்பை ராக்கி லினக்ஸுக்கென்றே தயாரிக்கிறார்கள். ராக்கிக்கு ஒரு கண்டெய்னர் போட்டாயிற்று. புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் எரிகிற விளம்பரப் படங்களை இந்தச் சீசனுக்கு அதில்தான் எடிட் செய்யப்போகிறேன்.